பாகத்தின் வயதை என்ட்ரோபியால் அளப்பது எப்படி: சோதனைக்கூடம் முதல் நம்பகத்தன்மைக் கணக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் ஹீலோவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கிளம்பிய அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் முன்பகுதிக் கூரை, 24,000 அடி உயரத்தில் பிய்ந்துகொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் எப்படியோ விமானத்தை மாவி தீவில் இறக்கிவிட்டார்கள். அந்த விமானம் அதுவரை பறந்திருந்தது 35,496 மணி நேரம். ஆனால் தீவுக்குத் தீவு குறுகிய பயணங்களாகவே பறந்ததால் 89,680 முறை மேலேறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் கேபினுக்குள் அழுத்தம் ஏறும், இறங்கும். அதோடு கடற்காற்றின் உப்பும் ஈரமும். தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், ரிவெட் துளைகளைச் சுற்றி விரிசல்கள் ஓடியிருந்தன.

மணிக்கணக்கைப் பார்த்தால் அந்த உடற்கூடு நடுத்தர வயது. சுற்றுக் கணக்கைப் பார்த்தால் கிழம். அந்தச் சுற்றுக் கணக்கிலும் உப்புக்காற்று எங்கேயும் வராது. நம்பகத்தன்மைப் பொறியியலின் பழைய சிக்கல் இதுதான். மணி, சுற்று, கிலோமீட்டர் எல்லாம் வெளியிலிருந்து நாம் வைக்கும் கடிகாரங்கள். உலோகத்துக்குள் என்ன நடந்தது என்பதை அவை நேரடியாகச் சொல்வதில்லை.

உலோகத்துக்குள் நடப்பதையே எண்ணும் கடிகாரம் ஒன்று உண்டு. அதுதான் என்ட்ரோபி உற்பத்தி. என்ட்ரோபி என்பது ஆற்றல் எவ்வளவு சிதறிப் பயன்படாமல் போனது என்பதன் அளவு. குழைவுத் திரிபு (சுமையை எடுத்தாலும் திரும்பாத உருமாற்றம்), உராய்வு, அரிப்பு என்று ஒரு பாகத்தைச் சிதைக்கும் எந்தச் செயலும் மீளாச் செயல், அதாவது பழையபடி திருப்ப முடியாதது. மீளாச் செயல் எதுவானாலும் என்ட்ரோபியை உண்டாக்கியே தீரும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதற்கு விலக்கு தருவதில்லை. அப்படியானால், உண்டான என்ட்ரோபியைக் கூட்டிக்கொண்டே வந்தால் சிதைவின் கணக்குப் புத்தகம் கையில் கிடைக்குமா? கிடைக்கும், சில நிபந்தனைகளோடு. அந்தக் கணக்கை எப்படி எழுதுவது, எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

இந்த எண்ணம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாசியஸ் 1865-இல் என்ட்ரோபிக்குப் பெயர் வைத்தார். 1931-இல் ஓன்சாகரும் பிறகு பிரிகோஜினும் மீளாச் செயல்களுக்கான கணிதத்தை அமைத்தார்கள். 1998-இல் பசாரனும் யானும் மின்னணுப் பலகைகளின் சால்டர் இணைப்புச் சிதைவை என்ட்ரோபியோடு இணைத்தார்கள். 2008-இல் பிரையன்ட், கொன்சாரி, லிங் மூவரும் 'சிதைவின் வேகம் என்ட்ரோபி உற்பத்தி வேகங்களின் நேர்க்கூட்டு' என்ற தேற்றத்தை வெளியிட்டார்கள். 2010-இல் நாதரி, அமிரி, கொன்சாரி குழுவினர் உலோகச் சோர்வில் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் விரிசல் விட்டு முறிவதில்) அதைச் சோதித்து, 6061-டி6 அலுமினியம் முறியும்போது சேர்ந்திருக்கும் என்ட்ரோபி கன மீட்டருக்குச் சுமார் 4 மெகாஜூல்/கெல்வின் என்றும், 304 துருப்பிடிக்காத எஃகுக்குச் சுமார் 60 என்றும் கண்டார்கள். வளைத்தாலும் முறுக்கினாலும் இழுத்தாலும், சுமையையும் அதிர்வெண்ணையும் மாற்றினாலும் அந்த எண் ஏறக்குறைய அங்கேயே நின்றது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இமானியனும் மொடாரஸும் 2015-இல் இதை அரிப்புச் சோர்வுக்கும் நம்பகத்தன்மைக் கணக்குக்கும் நீட்டினார்கள்.

இனி வேலைக்கு வருவோம். எடுத்துக்காட்டு முழுவதும் 6061-டி6 அலுமினியம்தான். சோதனை அளவீடுகளாக வரும் எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

படி 1: எல்லையை வரையுங்கள், சிதைவு வழிகளைப் பட்டியலிடுங்கள்

எதன் என்ட்ரோபியைக் கணக்கிடுகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். முழுப் பாகத்தையும் எடுத்தால் சிதையாத பகுதிகளும் சராசரிக்குள் வந்துவிடும், எண் நீர்த்துப்போகும். சோர்வில் அழிவு நடப்பது தகைவு (ஓரலகு பரப்பின் மேல் வரும் விசை) குவியும் இடத்தில்தான்: துளை விளிம்பு, வெல்டின் ஓரம், ஷாஃப்ட் விட்டம் மாறும் படிக்கட்டு. அந்த இடத்துச் சிறு கன அளவைத்தான் அமைப்பாக எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த இடத்தில் ஆற்றலை வீணாக்கும் வழிகள் என்னென்ன என்று எழுதுங்கள். உலர்ந்த அறையில் மாறி மாறி இழுபடும் துண்டுக்குக் குழைவுத் திரிபு ஒன்றே போதும். பேரிங் என்றால் உராய்வு வரும். கடல்நீர் படும் பாகம் என்றால் மின்வேதி வினைகளும் சேரும். இந்தப் பட்டியலில் விட்டுப்போனது கடைசிக் கணக்கிலும் வராது. அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

படி 2: எந்த என்ட்ரோபி என்பதில் தெளிவாக இருங்கள்

மாணவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஒரு பாகத்தின் என்ட்ரோபி மாற்றத்துக்கு இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று, வெப்பமாக எல்லையைக் கடந்து வருவது அல்லது போவது. இது கூட்டலாகவும் இருக்கலாம், கழித்தலாகவும் இருக்கலாம். மற்றொன்று, உள்ளேயே உற்பத்தியாவது. இது ஒருபோதும் எதிர்மறை ஆகாது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

சோதனைத்துண்டு ஒரே வெப்பநிலையில் நிலைத்து ஓடிக்கொண்டிருக்கும்போது, உள்ளே பிறக்கும் என்ட்ரோபி ஏறக்குறைய முழுவதும் வெப்பத்தோடு வெளியேறிவிடுகிறது. துண்டின் சொந்த என்ட்ரோபி பெரிதாக மாறுவதே இல்லை. 'பாகத்துக்குள் என்ட்ரோபி நிரம்பி வழிந்து உடைகிறது' என்று சில கட்டுரைகள் எழுதுவது இதனால் தவறு. நாம் கூட்டுவது உற்பத்தியின் மொத்தத்தை. டேங்கில் இருக்கும் பெட்ரோலை அளப்பது போன்றதல்ல இது, ஓடோமீட்டரைப் படிப்பது போன்றது.

உற்பத்தி வேகத்தைச் சொற்களில் எழுதினால் இப்படி வரும்:

என்ட்ரோபி உற்பத்தி வேகம் = (குழைவு வேலையின் வேகம் ÷ வெப்பநிலை) + (வெப்பக் கடத்தலால் வரும் பங்கு) + (வேதி, மின்வேதிப் பங்குகள்) − (உலோக அமைப்புக்குள் சேமிக்கப்படும் ஆற்றலின் பங்கு)

வெப்பநிலை கெல்வினில்தான் இருக்க வேண்டும். 32 டிகிரி செல்சியஸை அப்படியே போட்டால் விடை ஏறக்குறைய பத்து மடங்கு ஊதிவிடும்.

வெப்பக் கடத்தல் பங்கை விடலாமா என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அலுமினியத்தின் கடத்துதிறன் சுமார் 167 வாட்/மீட்டர்·கெல்வின். துண்டில் ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் 1 கெல்வின் வெப்பநிலை வித்தியாசம் இருந்தால், 167 × 100² ÷ 305² என்று போட்டால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 18 வாட்/கெல்வின் வருகிறது. கீழே நாம் காணப்போகும் குழைவுப் பங்கு, நொடிக்கு ஒரு சுற்று ஓட்டினால், அதே அலகில் 6,440. அதில் இது 0.3 சதவீதம்தான், தைரியமாக விடலாம். சேமிக்கப்படும் ஆற்றலும் சிறியது: உலோகத்தைக் குழைக்கச் செலவாகும் வேலையில் பெரும்பகுதி, தோராயமாக 90 சதவீதம், வெப்பமாகிவிடுகிறது என்று டெய்லரும் குவின்னியும் 1934-லேயே அளந்து காட்டினார்கள்.

படி 3: ஹிஸ்டரிசிஸ் வளையத்தை அளங்கள்

இந்த முறை நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

சோர்வுச் சோதனை இயந்திரத்தில் துண்டைப் பொருத்தி, விசையை அளக்கும் லோட் செல்லிலிருந்து தகைவையும், நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரிலிருந்து திரிபையும் (நீளம் மாறும் விகிதம்) ஒரே நேரத்தில் பதிவு செய்கிறோம். திரிபு கிடை அச்சில், தகைவு குத்து அச்சில். ஒவ்வொரு சுற்றிலும் திரையில் ஒரு சாய்ந்த இலை வடிவம் வரையப்படும். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விலகி நிற்கும். இதுதான் ஹிஸ்டரிசிஸ் வளையம். அந்த இடைவெளியின் பரப்புதான் அந்தச் சுற்றில் கன மீட்டருக்கு வீணான ஆற்றல். மெகாபாஸ்கலைத் திரிபால் பெருக்கினால் நேராக மெகாஜூல்/கன மீட்டர் வந்துவிடும், அலகு மாற்றும் வேலை இல்லை.

சுற்றுக்குக் குறைந்தது 100 புள்ளிகளாவது பதிவு செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் சராசரித் தகைவைத் திரிபு வித்தியாசத்தால் பெருக்கி, சுற்று முழுவதும் கூட்டினால் பரப்பு கிடைக்கும். திரையில் பார்த்துச் சரிபார்க்க ஒரு குறுக்குவழியும் உண்டு: வளையப் பரப்பு = (1 − ந) ÷ (1 + ந) × தகைவு வீச்சு × குழைவுத் திரிபு வீச்சு. இதில் 'ந' என்பது சுழற்சித் திரிபு கடினமாதல் அடுக்கெண், அதாவது திரும்பத் திரும்பக் குழையும்போது உலோகம் எவ்வளவு கடினமாகிறது என்பதைக் குறிக்கும் எண். தகைவு வீச்சு 600 மெகாபாஸ்கல் (அதாவது ±300), குழைவுத் திரிபு வீச்சு 0.004, ந = 0.1 என்றால், 0.9 ÷ 1.1 × 600 × 0.004 = 1.96 மெகாஜூல்/கன மீட்டர்.

இப்போது ஓர் எச்சரிக்கை. லோட் செல்லும் எக்ஸ்டென்சோமீட்டரும் வேறு வேறு ஆம்ப்ளிஃபையர், வேறு வேறு ஃபில்டர் வழியாக வரும். இரண்டுக்கும் இடையே சிறு காலதாமதம் இருந்தாலும், சுத்தமான மீட்சிக் கோடு (சுமையை எடுத்ததும் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும் கோடு) கூடப் பிளந்து வளையமாகத் தெரியும். அந்தப் பொய் வளையத்தின் பரப்பு = பை × தகைவு வீச்சில் பாதி × திரிபு வீச்சில் பாதி × கட்ட வித்தியாசத்தின் சைன். ஒரு முழுச் சுற்றை 360 டிகிரி என்று வைத்து அந்தத் தாமதத்தைக் கோணமாகச் சொல்வதுதான் கட்ட வித்தியாசம். ±200 மெகாபாஸ்கல் தகைவு, அதற்கேற்ற ±0.0029 மீட்சித் திரிபு, கட்ட வித்தியாசம் வெறும் 1 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 3.14 × 200 × 0.0029 × 0.0175 = 0.032 மெகாஜூல். அற்பமாகத்தான் தெரிகிறது. ஒரு லட்சம் சுற்று ஓட்டினால் அது 3,200 மெகாஜூல். 300 கெல்வினால் வகுத்தால் 10.6 மெகாஜூல்/கன மீட்டர்·கெல்வின். உண்மையான முறிவு எல்லையே 4-தான்! உலோகத்துக்கு ஒன்றும் ஆகாமலேயே, வயரிங்கில் இருக்கும் ஒரு டிகிரி, பாகத்தை இரண்டரை முறை சாகடித்துவிடுகிறது.

எனவே சோதனையைத் தொடங்கும் முன், குழைவே வராத சிறிய சுமையில் அதே அதிர்வெண்ணில் சில சுற்றுகள் ஓட்டிப் பாருங்கள். வளையம் ஒரு கோடாக மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை என்றால் கால வித்தியாசத்தைத் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

படி 4: வெப்பநிலையை அளங்கள், வளையத்தை அதைக்கொண்டு சரிபாருங்கள்

அகச்சிவப்பு கேமரா வைத்திருந்தால் துண்டின் மேல் மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். பளபளப்பான அலுமினியம் தன் வெப்பத்தைக் காட்டாது. அறையிலுள்ள மற்ற பொருள்களின் வெப்பத்தைக் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். கேமரா எதிரே நிற்கும் உங்கள் உடம்பையே அது துண்டின் வெப்பநிலையாகக் காட்டக்கூடும். தெர்மோகப்பிள் (வெப்பநிலையை உணரும் கம்பி) என்றால் பிடிக்கும் இடத்தில் கீறல் விழாமல் ஒட்ட வேண்டும், அந்தக் கீறலே விரிசலுக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிடும்.

வெப்பநிலை வரைபடம் மூன்று கட்டமாக இருக்கும். தொடக்கத்தில் விறுவிறுவென்று ஏற்றம். பிறகு ஆயுளின் பெரும்பகுதிக்குச் சமதளம். முறிவுக்குச் சற்று முன் மறுபடி ஒரு செங்குத்தான ஏற்றம்: விரிசல் முனையில் குழைவு குவிந்து அந்த இடம் மட்டும் சூடாகிறது. கணக்குக்குச் சமதளம்தான் முக்கியம்.

இன்னொன்றும் கண்ணில் படும். ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் வெப்பநிலை லேசாகத் துடிக்கும். உலோகத்தை மீட்சி எல்லைக்குள் இழுத்தால் குளிரும், அமுக்கினால் சூடாகும். இது மீள்செயல், என்ட்ரோபி உற்பத்தியில் இதற்குப் பங்கில்லை. சுற்றுச் சராசரியை எடுத்தால் தானாகவே அடிபட்டுவிடும்.

சரிபார்ப்பு இப்படி: சமதளத்தில் ஓடும்போது இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்திய கணத்தில் துண்டு எவ்வளவு வேகமாகக் குளிரத் தொடங்குகிறதோ, அவ்வளவு வேகத்தில்தான் அதுவரை வெப்பம் பிறந்துகொண்டிருந்தது. அலுமினியத்தின் அடர்த்தி 2,700 கிலோ/கன மீட்டர், தன்வெப்பம் சுமார் 896 ஜூல்/கிலோ·கெல்வின். இரண்டையும் பெருக்கினால் 2.42 மெகாஜூல்/கன மீட்டர்·கெல்வின். நொடிக்கு ஒரு சுற்று ஓடினால் 1.96 ÷ 2.42 = 0.81. அதாவது நிறுத்தியவுடன் நொடிக்குச் சுமார் 0.7 முதல் 0.8 கெல்வின் வீதம் குளிர வேண்டும். அதில் பாதிதான் வருகிறது என்றால் வளையம் பொய் சொல்கிறது, படி 3-க்குத் திரும்புங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாத அளவீட்டை நான் நம்ப மாட்டேன்.

படி 5: கூட்டுங்கள்

இது எளிது. சுற்றுக்கு 1.96 மெகாஜூல், வெப்பநிலை 305 கெல்வின். வகுத்தால் சுற்றுக்கு 6.44 கிலோஜூல்/கன மீட்டர்·கெல்வின். முறிவு எல்லை 4 மெகாஜூல் என்றால் 4,000 ÷ 6.44, அதாவது ஏறக்குறைய 621 சுற்றுகளில் துண்டு முறியும்.

உண்மைச் சோதனையில் வளையம் முதல் சில சுற்றுகளில் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே வளையத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்காமல் சுற்றுக்குச் சுற்று கூட்டுவதே நல்லது. நினைவகம் போதாது என்றால் தொடக்கத்தில் எல்லாச் சுற்றையும், சமதளத்தில் பத்துக்கு ஒன்றையும் பதிவு செய்தால் போதும்.

சுமை மாறும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். மேலே சொன்ன சுமையில் 200 சுற்று ஓட்டிவிட்டுச் சுமையைக் குறைக்கிறோம் என்று வையுங்கள். அதுவரை சேர்ந்தது 200 × 6.44 = 1.29 மெகாஜூல்/கன மீட்டர்·கெல்வின். மிச்சம் 2.71. புதிய சுமையில் வளையம் 0.8 மெகாஜூல், வெப்பநிலை 303 கெல்வின் என்றால் சுற்றுக்கு 2.64 கிலோஜூல்/கெல்வின். 2,710 ÷ 2.64 என்று போட்டால் இன்னும் சுமார் 1,027 சுற்று ஓடும்.

பால்ம்கிரன் 1924-இலும் மைனர் 1945-இலும் சொன்ன நேர்க்கூட்டு விதியும் இப்படித்தான் பின்னங்களைக் கூட்டுகிறது. என்ன வித்தியாசம்? அந்த விதிக்கு ஒவ்வொரு சுமைக்கும் தனித்தனி ஆயுள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சுமை எந்த வரிசையில் வந்தது என்பதையும் அது கண்டுகொள்ளாது. இங்கே வளையத்தை நேரடியாக அளப்பதால், முந்தைய சுமை உலோகத்தைக் கடினமாக்கியிருந்தாலும் மென்மையாக்கியிருந்தாலும் அது வளையத்தின் வடிவத்திலேயே தெரிந்துவிடும்.

படி 6: எல்லையை ஓர் எண்ணாக அல்ல, பரவலாகக் கண்டுபிடியுங்கள்

'முறிவு என்ட்ரோபி 4' என்று புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டால் அது ஆயுள் கணிப்பு மட்டுமே, நம்பகத்தன்மை ஆகாது. உங்கள் தொகுதி உலோகம், உங்கள் மேற்பரப்பு, உங்கள் வெப்பப் பதனம் இவற்றோடு பல துண்டுகளை முறித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து துண்டுகள் 3.5, 3.8, 4.0, 4.2, 4.5 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 4.0, திட்டவிலக்கம் 0.38. வெய்புல் தாளில் (முறிவுத் தரவுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் வெய்புல் பரவலுக்கான வரைபடத் தாள்) குறிக்க வேண்டுமானால், சிறியது முதல் பெரியது வரை அடுக்கி, வரிசை எண்ணிலிருந்து 0.3-ஐக் கழித்து, மொத்த எண்ணிக்கையோடு 0.4 கூட்டி வகுங்கள். ஐந்து துண்டுகளுக்கு 0.13, 0.31, 0.50, 0.69, 0.87 என்று முறிவு நிகழ்தகவுகள் வரும். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் வெய்புல் பொருந்துகிறது. இந்த அளவு சிதறலுக்கு வெய்புல் வடிவ எண் (பெரிதாக இருந்தால் சிதறல் குறைவு) 12-ஐ ஒட்டி இருக்கும்.

துண்டுகளை ஒரே சுமையில் முறிக்காதீர்கள். இரண்டு மூன்று சுமை நிலைகளில் பிரித்து முறியுங்கள். சுற்று எண்ணிக்கை சுமைக்குச் சுமை பல மடங்கு வேறுபடும். என்ட்ரோபி மட்டும் ஒரே கொத்தாக நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் இந்தக் கடிகாரம் உங்கள் பொருளுக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். சுமை குறையக் குறைய என்ட்ரோபி ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால், நீங்கள் கூட்டுவதில் சிதைவல்லாத ஏதோ ஒன்று கலந்திருக்கிறது. இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

படி 7: நம்பகத்தன்மையைக் கணக்கிடுங்கள்

நம்பகத்தன்மை என்பது 'இதுவரை சேர்ந்த என்ட்ரோபி, எல்லையைவிடக் குறைவாக இருப்பதற்கான நிகழ்தகவு'. இரண்டு பக்கமும் நிச்சயமின்மை உண்டு. எல்லைக்குத் திட்டவிலக்கம் 0.38. சேர்ந்த மதிப்புக்கு அளவீட்டுப் பிழை, சுமை மாறுபாடு எல்லாம் சேர்த்து 0.32 என்று வையுங்கள். இரண்டும் இயல்நிலைப் பரவல் என்றால் கூட்டுத் திட்டவிலக்கம் 0.38² + 0.32² என்பதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 0.50.

435 சுற்று ஓடிய பாகத்தில் 2.8 சேர்ந்திருக்கும். எல்லையோடு இடைவெளி 1.2, 0.50-ஆல் வகுத்தால் 2.4. இயல்நிலை அட்டவணையில் அதற்கு 0.992. 497 சுற்றில் 3.2 சேர்ந்திருக்கும், இடைவெளி 0.8, வகுத்தால் 1.6, நம்பகத்தன்மை 0.945. வெறும் 62 சுற்றில் ஆயிரத்துக்கு எட்டு என்ற அபாயம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிட்டது. சராசரி ஆயுள் 621 என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இது கண்ணுக்கே தெரியாது.

தலைகீழாகவும் போடலாம். 0.99 நம்பகத்தன்மை வேண்டுமென்றால் அட்டவணை எண் 2.33. 4.0 − 2.33 × 0.50 = 2.84. என்ட்ரோபி மீட்டர் 2.84-ஐத் தொட்டவுடன் பாகத்தைக் கழற்ற வேண்டும். சுமையும் வெப்பநிலையும் எப்படி மாறினாலும் விதி மாறாது; பராமரிப்புப் பிரிவுக்கு இதைவிடச் சுலபமான அறிவுரை கொடுக்க முடியாது.

ஐந்து துண்டில் கிடைத்த திட்டவிலக்கத்தை வைத்துக்கொண்டு 0.9999 என்றெல்லாம் கணக்கிட்டுச் சான்றிதழ் எழுதாதீர்கள். பரவலின் வால் பகுதியைப் பற்றி ஐந்து துண்டுகளுக்கு ஒன்றும் தெரியாது.

படி 8: அரிப்பும் சேர்ந்தால்

மின்வேதிப் பங்கைக் கணக்கிடுவது கடினமில்லை. மிகை மின்னழுத்தத்தை (சமநிலை மின்னழுத்தத்திலிருந்து விலகிய அளவு) மின்னோட்ட அடர்த்தியால் பெருக்கி வெப்பநிலையால் வகுக்க வேண்டும். இமானியனும் மொடாரஸும் 7075-டி651 அலுமினியத்தை 3.5 சதவீத உப்புநீரில் வைத்து, குழைவு வேலையையும் மின்வேதி அளவீடுகளையும் ஒன்றாகக் கூட்டியது இந்த வழியில்தான். மின்வேதிப் பங்கு பரப்புக்கு வருவது, குழைவுப் பங்கு கன அளவுக்கு வருவது. கூட்டும் முன் பரப்பு/கன அளவு விகிதத்தால் பெருக்க மறக்கக்கூடாது.

ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பாருங்கள். மின்னோட்டம் சதுர மீட்டருக்கு 10 ஆம்பியர், மிகை மின்னழுத்தம் 0.1 வோல்ட். பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1 வாட். 3 மில்லிமீட்டர் தகட்டின் இரண்டு பக்கமும் நனைந்தால் விகிதம் 667, ஆக கன மீட்டருக்கு 667 வாட். நம் குழைவு வேலையோ நொடிக்கு ஒரு சுற்றில் 19.6 லட்சம் வாட். அரிப்பின் பங்கு மூவாயிரத்தில் ஒன்று!

அப்படியானால் உப்பை மறந்துவிடலாமா? கூடவே கூடாது. உப்புநீரில் அலுமினியம் சீக்கிரம் முறிகிறது என்பது கண்கூடு. சீக்கிரம் முறிந்தால் சேர்ந்திருக்கும் மொத்தமும் குறைவாகத்தான் இருக்கும். அரிப்பு கணக்கில் வரவு வைப்பது கொஞ்சம், ஆனால் எல்லையையே கீழே இழுத்துவிடுகிறது. குழிகளிலும் விரிசல் முனையிலும் மிகச்சிறிய கன அளவில் அது குவிவதால் முழுத்துண்டின் சராசரியில் தெரிவதில்லை. ஆகவே காற்றில் அளந்த எல்லையை எடுத்துக் கடலோரப் பாகத்துக்குப் போடாதீர்கள். பாகம் எந்தச் சூழலில் வேலை செய்யப்போகிறதோ, அந்தச் சூழலிலேயே படி 6-ஐத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த முறையை 'எந்தச் சூழலுக்கும் ஒரே எண்' என்று விற்பவர்களிடம் நான் ஒத்துப்போகாத இடம் இது.

தேய்மானத்தில் நிலைமை எளிது. உராய்வு வேலையை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி. தேய்ந்த கன அளவு அதற்கு நேர்விகிதம் என்று எடுத்தால், 1953-இல் ஆர்ச்சர்ட் தந்த தேய்மான விதி தானாகவே வந்து நிற்கும்.

படி 9: ஓடும் இயந்திரத்தில் பயன்படுத்துங்கள்

வேலை செய்துகொண்டிருக்கும் பாகத்தில் எக்ஸ்டென்சோமீட்டரை மாட்ட முடியாது. திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டலாம், பக்கத்தில் ஒரு தெர்மோகப்பிள் வைக்கலாம். கேஜ் தரும் ஒழுங்கற்ற திரிபு வரலாற்றை ரெயின்ஃப்ளோ முறையில் சுற்றுகளாகப் பிரியுங்கள். 1960-களின் இறுதியில் ஜப்பானில் எண்டோவும் மட்சுயிஷியும் உருவாக்கிய அந்த முறை, மூடிய ஹிஸ்டரிசிஸ் வளையங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறது. நமக்கு வேண்டியதும் அதே வளையங்கள், எனவே இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு வளையத்தின் பரப்பையும் பொருளின் சுழற்சித் தகைவு-திரிபு வளைகோட்டிலிருந்து கணக்கிட்டு, அந்நேர வெப்பநிலையால் வகுத்து, மீட்டரில் கூட்டிக்கொண்டே போகலாம். இதற்குச் சின்ன மைக்ரோகன்ட்ரோலரே போதும்.

கேஜ் இருக்கும் இடம் வேறு, விரிசல் வரும் இடம் வேறு என்பதை மறக்க வேண்டாம். கேஜ் திரிபை ஆபத்தான இடத்துத் திரிபாக மாற்றும் விகிதத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து வைக்க வேண்டும். அதில் வரும் பிழை நேராகப் படி 7-இல் உள்ள 0.32-க்குள் போய்ச் சேரும்.

எங்கே கை விடும்

முறிவு என்ட்ரோபி மாறாது என்பது குழைவு நன்றாகத் தெரியும் சோர்வுக்கு, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் முறியும் பாகங்களுக்கு, நல்ல துணை. பத்து லட்சம், கோடி சுற்று ஓடும் பாகங்களில் சங்கடம் தொடங்குகிறது. முறிவு வரை செலவாகும் மொத்த ஹிஸ்டரிசிஸ் ஆற்றல், ஆயுள் நீள நீள அதிகமாகிறது என்று ஹால்ஃபோர்டு 1966-லேயே தொகுத்துக் காட்டினார். காரணம், சிறிய தகைவுகளில் வெப்பமாகும் ஆற்றலில் கணிசமான பங்கு உலோகத்தைச் சிதைக்காத உள் உராய்வு. வெப்பம் பிறக்கிறது, என்ட்ரோபியும் பிறக்கிறது, ஆனால் விரிசலுக்கு அதில் பங்கில்லை. அந்தப் பங்கைப் பிரித்துக் கழிக்காமல் கூட்டினால் நல்ல பாகத்தையும் செத்துவிட்டதாக மீட்டர் சொல்லும். சோர்வு எல்லைக்குக் கீழே (முறிவே வராத அளவுக்குச் சிறிய சுமையில்) ஓட்டி, அங்கே வரும் வெப்பத்தை அடிப்படை அளவாக வைத்துக் கழிப்பது நடைமுறையில் செய்யக்கூடிய வழி. படி 3-இல் சொன்ன ஒரு டிகிரிப் பிழையும் இங்கேதான் உயிரை வாங்கும்.

கசடுத் துணுக்குகள், காற்றுக் குமிழ்கள் உள்ள வார்ப்புகளிலும் கவனம் தேவை. அங்கே முறிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு குறையின் அளவும் இடமும்தான். முழுக் கன அளவின் சராசரி என்ட்ரோபி அந்தக் குமிழைப் பார்க்காது. அப்படிப்பட்ட பாகங்களுக்கு எக்ஸ்ரேயும் அல்ட்ராசோனிக் சோதனையும் விரிசல் வளர்ச்சிக் கணக்கும்தான் முதலில். என்ட்ரோபி மீட்டரை அவற்றோடு சேர்த்து வைக்கலாம், அவற்றுக்குப் பதிலாக வைக்கக்கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: 6061 கம்பி ஒன்றை எடுத்து, சில நூறு முதல் சில ஆயிரம் சுற்றில் முறியும் சுமைகளை இரண்டு மூன்று நிலைகளில் வைத்து, உலர்ந்த காற்றில் செய்து பாருங்கள். குளிர்ச்சிச் சோதனை ஒவ்வொரு துண்டிலும் வளையத்தோடு ஒத்துப்போனால், 4-ஐ ஒட்டிய எண்கள் உங்கள் தாளிலும் கொத்தாக விழத் தொடங்கும். அது கைவந்த பிறகு உப்புநீர்த் தொட்டியைக் கட்டலாம்.